மீசை வைத்த கண்ணாடி மீன்: இது எந்த வகை? மிச்சமிருக்கும் இரண்டுமாவது பிழைக்குமா?

அச்சுப்பிழை எழுதியது:

வணக்கம். அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில், இருபத்திரண்டு ஆண்டுகளாகிறது. மீன் வளர்ப்பது ஒன்றரை ஆண்டுப் பழக்கம்தான். ஆகவே திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர் போயிருந்தேன். வாங்கப் போனது வடிகட்டிக்கு ஒரு பஞ்சு, அவ்வளவுதான். கடையின் கடைசி வரிசையில் ஒரு தொட்டி காலியாகக் கிடந்தது. காலித் தொட்டிக்கு எதற்கு விளக்கு என்று குனிந்தபோதுதான் உள்ளே நாற்பது ஐம்பது மீன்கள் நிற்பது தெரிந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, வாலைச் சற்றே தாழ்த்தி, ரேஷன் கடை வரிசைபோல நின்றன. தொட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த விலைச்சீட்டை ஒரு மீனின் உடம்பு வழியாகவே படித்தேன். ‘கிலாஸ் மீன் 80’ என்று இருந்தது. லகரப் பிழையும் அந்த உடம்பு வழியாகவே தெரிந்தது. அதற்குப் பிறகு வாங்காமல் வர முடியுமா?

கடைப் பையனிடம் கேட்டேன். கண்ணாடி மீன், எந்தத் தொட்டியிலும் விடலாம், போட்டதைத் தின்னும் என்றான். மூன்று வாங்கினேன்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏற்கெனவே இரண்டு ஏஞ்சல், ஐந்து பிளாட்டி இருக்கின்றன. தண்ணீர் எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. குடிநீர் இயந்திரம் பொருத்த வந்தவர் அளந்தபோது டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900 காட்டியது. தொட்டியின் வெப்பம் 31 டிகிரி. விளக்கு காலை ஏழு முதல் இரவு பத்துவரை எரியும். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பிளாட்டி குட்டிகூடப் போட்டது.

மீன் பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, அவிழ்த்து அப்படியே உள்ளே கவிழ்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று தரையில் கிடந்தது. முதலில் ஏதோ வேறு மீன் உள்ளே வந்துவிட்டது என்றே நினைத்தேன், ஏனென்றால் அது வெள்ளையாக இருந்தது. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு இருக்குமே, அந்த வெள்ளை. உயிர் போனதும் கண்ணாடியும் போய்விட்டது. எத்தனையோ கப்பியும் பிளாட்டியும் செத்துப் பார்த்திருக்கிறேன், இது மட்டும் மனத்தை என்னவோ செய்தது.

மீதி இரண்டும் பஞ்சு வடிகட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. குருணைத் தீனி முகத்துக்கு நேராக விழுந்தாலும் வாயைத் திறப்பதில்லை. இது என்ன மீன்? என்ன தப்புச் செய்தேன்?

கொளத்தூர்ப் பையன் எழுதியது:

அக்கா, முதலில் அந்த விளக்கை அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கண்ணாடி மீன் என்று எங்கள் பக்கம் இரண்டை விற்பார்கள். ஒன்று நம் நாட்டுக் குளம் குட்டைகளிலேயே கிடைப்பது. பக்கவாட்டில் தட்டை, உயரமான உடம்பு, முதுகில் இரண்டு துடுப்பு, மீசை கிடையாது. அதற்குத்தான் ஊசியால் சாயம் ஏற்றிப் பச்சை, ஆரஞ்சு என்று விற்பார்கள். அதை எங்கே பார்த்தாலும் வாங்காதீர்கள். சாயம் சில மாதத்தில் போய்விடும், பல நேரம் மீன் அதற்கு முன்பே போய்விடும். இன்னொன்று மீசை உள்ளது, கெளுத்தி வகை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒன்றையும் கண்ணாடிக் கெளுத்தி என்பார்கள், ஆனால் அதன் உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடு ஓடும், சும்மா நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றே மூன்று பார்த்துச் சொல்லுங்கள். மீசை உண்டா? முதுகில் துடுப்பு உண்டா? வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

அச்சுப்பிழை எழுதியது:

விளக்கை அணைத்தாயிற்று தம்பி. இரவு பதினொன்றரைக்கு ஒன்று முன் கண்ணாடிக்கு ஒட்டி வந்தது. எழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு உருப்பெருக்கி வைத்திருக்கிறேன். அதைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன்.

மீசை இரண்டு. தலைமயிரைவிட மெல்லியது, ஆனால் நீளம். இரண்டையும் முன்னால் நீட்டியபடி வைத்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளிப் பை. குடல், குந்தாணி எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வால்வரைக்கும் நடு எலும்பும் சீப்புப் பல்போல முள்ளும்தான். செவுளுக்குக் கீழே சிவப்பாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. முதுகில் துடுப்பு இல்லை என்று எழுதப்போனேன். இன்னொரு முறை பார்த்தேன். தலைக்குச் சற்றுப் பின்னால் ஒற்றை மயிர்போல ஒன்று நிற்கிறது. அதுதானா? அடித்துடுப்பு அந்த வெள்ளிப் பை முடியும் இடத்திலேயே தொடங்கி, புடவைக் கரைபோல வால்வரைக்கும் ஓடுகிறது, ஓயாமல் அலை அடித்துக்கொண்டே.

டார்ச்சை நகர்த்தினால் உடம்பில் வானவில் வருகிறது. நீலம், பச்சை, கொஞ்சம் சிவப்பு. டார்ச்சை நிறுத்தினாலும் மீன் அசைந்தால் நிறம் மாறுகிறது. இது நோயா?

நொய்யல் எழுதியது:

அம்மா, நோய் இல்லை. கோவையில் முப்பத்தோராண்டு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. குறுந்தகட்டைச் சாய்த்தால் நிறம் தெரியுமல்லவா, அதே விளிம்பு விளைவுதான். 2023இல் சீன ஆய்வாளர்கள் இந்த மீனை வைத்தே அதைக் காட்டினார்கள். நிறம் தோலில் இல்லை. தோல் ஏறக்குறைய முழு வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே தசைநார்களில் ஒரே சீரான இடைவெளியில் அடுக்கி வைத்ததுபோன்ற நுண்கட்டுகள் இருக்கின்றன, வெள்ளொளி அவற்றின் ஊடே போகும்போது பிரிகிறது. மீன் நீந்தும்போது தசை சுருங்கி விரிகிறது, இடைவெளி மாறுகிறது, நிறமும் மாறுகிறது. நீங்கள் டார்ச்சை நிறுத்திவிட்டு மீனின் அசைவில் நிறம் மாறியதைக் கவனித்தீர்களே, என் மாணவர்களில் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒற்றை மயிர்தான் முதுகுத் துடுப்பு. அதை வைத்தே இந்தப் பேரினத்துக்குக் கிரிப்டோப்டெரஸ் என்று பெயர்; மறைந்த துடுப்பு என்று பொருள். கெளுத்தி என்று கடையில் சொன்னாலும் இது நம் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம்தான். கெளுத்திக்கு முதுகுத் துடுப்பில் முள் உண்டு, அதற்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு கொழுப்புத் துடுப்பும் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. வாலைத் தொடும் நீண்ட அடித்துடுப்பு யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். நம் வாளையினுடையது. ஆளுயரம் வளரும் வாளையும் உங்கள் விரல் நீள மீனும் ஒரே குடும்பம், பங்காளிகள்.

மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று. இந்த மீனைப் பல்லாண்டுகள் எல்லாரும் தப்பான பெயரில் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 1840இல் பெயர் சூட்டப்பட்ட கிரிப்டோப்டெரஸ் பைசிரிஸ் என்றே புத்தகங்கள் சொல்லின. அது இதைவிடப் பெரிதாக வளரும், இவ்வளவு தெளிவாகவும் இருக்காது. பிறகு, இல்லை இல்லை, 1989இல் போர்னியோவிலிருந்து விவரிக்கப்பட்ட கிரிப்டோப்டெரஸ் மைனர் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தமும் தப்பு. 2013இல்தான் இங் ஹியோக் ஹீயும் மாரிஸ் கொட்டெலாவும் உட்கார்ந்து ஒப்பிட்டு, கடைகளில் விற்கும் மீனுக்கு இதுவரை பெயரே வைக்கவில்லை என்று கண்டார்கள். கிரிப்டோப்டெரஸ் விட்ரியோலஸ் என்று வைத்தார்கள். தாய்லாந்து ஆறுகளில் வாழ்வது. ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராது.

இனி உங்கள் தொட்டி. குறை சொல்லத்தான் போகிறேன்.

டிடிஎஸ் 900 என்பதை பிளாட்டி கல்யாணச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளும். இதற்கு அது தண்டனை. எங்கள் சிறுவாணித் தண்ணீரில் எனக்கு இந்தக் கவலையே இல்லை (கோவைக்காரர்களின் இந்தப் பெருமையை மன்னிக்க வேண்டும்). நீங்கள் குடிநீர் இயந்திரத் தண்ணீரைக் கலக்கலாம். அது 50 இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கிணற்று நீர் ஒரு பங்கு, இயந்திர நீர் மூன்று பங்கு: 262 வரும். இயந்திர நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உப்பே இல்லாத தண்ணீரில் பிஎச் நிலைத்து நிற்காது. இப்போதிருக்கும் இரண்டுக்காக ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். இரண்டு நாளுக்கொரு முறை பத்தில் ஒரு பங்காக, மூன்று வாரத்தில் இறக்குங்கள். கெட்டது செய்தாலும் மெதுவாகச் செய், தாங்கிக்கொள்கிறேன் என்பது இதன் சுபாவம். நல்லதை அவசரமாகச் செய்தால் செத்துவிடும்.

31 டிகிரி அதிகம். 24 முதல் 26 வரை சுகம், 28 வரை பொறுக்கும். தொட்டி மூடியைத் திறந்து, கம்பிவலை போட்டு, மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் வீசவிடுங்கள். மண்பானை குளிர்கிற அதே கணக்கு. இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்ததை நிரப்பும்போது மட்டும் இயந்திர நீரையே ஊற்றுங்கள்.

ஏஞ்சல் பெயருக்குத்தான் தேவதை. அந்த நீள மீசையைப் பார்த்தால் கொத்தாமல் விடாது. வெளியேற்றுங்கள். விளக்கை ஆறேழு மணி நேரமாகக் குறைத்து, வேலம்பாசியைக் கொத்தாக மேலே மிதக்கவிடுங்கள். உடம்பே ஒளி புகும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள இடமும் இல்லையென்றால் அது எங்கேதான் போகும்?

கடைசியாக, இது தனியாக வாழாது. ஆறுக்குக் குறையாமல் வேண்டும். இரண்டாக இருப்பது சாப்பிடாமல் ஒண்டுவது பயத்தால்தான். குருணையைத் தீனி என்றே அது நினைக்காது. நடுநீரில் மிதந்து வரும் உயிருள்ளது வேண்டும். கொசுப்புழு, ஆர்ட்டீமியா, மொய்னா (பின்னிரண்டும் இறாலுக்கு உறவான பொடி உயிர்கள்). தரையில் விழுந்ததைப் பொறுக்காது, மேலே வந்தும் கொத்தாது.

பெரியதம்பி எழுதியது:

இவ்வளவு படிப்பு எதற்கு? ஒரு கைப்பிடி கல்லுப்பும் நாலு சொட்டு நீல மருந்தும் விட்டால் எந்த மீனும் துள்ளும். நான் இருபது ஆண்டாக அப்படித்தான் செய்கிறேன்.

கொளத்தூர்ப் பையன் எழுதியது:

அண்ணே, நீங்கள் வளர்ப்பது கோல்டுபிஷ், மோலி. அதற்குச் சரி. இதற்குச் செதிலே கிடையாது, உப்பும் மருந்தும் நேரே தோலில் ஏறும். தாமிரம் கலந்த மருந்தும் மாலக்கைட் பச்சையும் இதற்கு விஷம்போல. வெள்ளைப்புள்ளி நோய் வந்தாலே பாதி அளவு மருந்துக்கு மேல் நான் துணிவதில்லை. இங்கே நோயே இல்லை, எதற்கு மருந்து?

அக்கா, இன்னும் வாங்க வந்தால் வந்த அன்றே இறக்கிய மீனை வாங்காதீர்கள். ஒரு வாரம் கடையில் நின்றதா என்று கேளுங்கள். உடம்பில் பால் கலங்கியதுபோல இருப்பதை விட்டுவிடுங்கள். பையைக் கவிழ்க்கவும் வேண்டாம். மருந்துக் கடையில் சலைன் குழாய் கிடைக்கும், திருகு வைத்தது. மீன் இருக்கும் பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

அச்சுப்பிழை எழுதியது:

எட்டு வாரம் ஆகிவிட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்கே பிடிக்காது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டில் ஒன்று ஒன்பதாம் நாள் போய்விட்டது. மறுபடியும் அந்த வெள்ளை. மற்றது பதினைந்து நாளைக்கு மேல் வடிகட்டியின் பின்னாலேயே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பத்தியின் கடைசி வரியில் தனியாக ஒதுங்கிப்போன எழுத்து ஞாபகம் வந்தது. அப்படி ஒன்றைப் பக்கத்தில் பார்த்தால் இழுத்து முந்தைய வரியில் சேர்க்காமல் நான் விட்டதில்லை.

ஏஞ்சல் இரண்டும் மூன்றாம் மாடிக்குக் குடிபோயின. அங்கே ஒரு சிறுவன் அவற்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டான். டிடிஎஸ் அளக்கும் பேனா ஒன்று வாங்கி, ஐயா சொன்ன கணக்கில் கலந்து அளந்தேன். 270 காட்டியது. 262 வர வேண்டாமா? அந்த எட்டு இரண்டு நாள் உறுத்தியது. பிறகு இயந்திர நீரைத் தனியாக அளந்தால் 60 இருக்கிறது. கணக்கு சரியாகிவிட்டது, நிம்மதி.

மருந்துக் கடையில் சலைன் குழாய் கேட்டபோது, வீட்டில் யாருக்கு அம்மா முடியவில்லை என்று கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மீனுக்கு என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் போய் ஆறு வாங்கிவந்தேன். சீட்டில் இன்னும் ‘கிலாஸ்’தான். கேட்டேன், பத்து நாளாக நிற்கின்றனவாம். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சொட்டவிட்டு, வலையால் தொடாமல் ஒரு கிண்ணத்தில் முகந்து விட்டேன். ஆறும் முதலில் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. பத்து நிமிடத்தில் நடுவில் கூடி, தலையை நீர் வரும் பக்கம் திருப்பி வரிசை பிடித்தன. அப்போது பார்க்க வேண்டும். பின்னால் இத்தனை நாள் ஒண்டியிருந்தது வெளியே வந்தது. நேரே வரவில்லை. வடிகட்டியின் விளிம்புவரை வரும், திரும்பும். நாலைந்து முறை அப்படி. பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்று, வாலை மற்றவை அளவுக்குத் தாழ்த்திக்கொண்டது. அடுத்த நாள் சாயங்காலம் தின்றது.

தீனிக்கு ஆர்ட்டீமியா முட்டை வாங்கிப் பொரிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு, உள்ளே காற்றுக் குழாய். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளிலேயே பொரிந்துவிடுகிறது. (பெரியதம்பி அண்ணனின் கல்லுப்பு கடைசியில் உபயோகப்பட்டுவிட்டது.) கொசுப்புழுவும் முயன்றேன். மொட்டைமாடியில் வாளி வைத்த நாலாம் நாள் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்துவிட்டார். மீன் தின்பதற்கு என்று சொன்னேன். எல்லாரும் ஏதாவது சொல்வார்கள் அம்மா என்று வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் செய்தது சரிதான். அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன்.

பிளாட்டி ஐந்தும் இந்தத் தண்ணீரில் கொஞ்சம் வாடின. அவையும் மாடிக்குப் போய்விட்டன. விசிறி 31ஐ 28க்குக் கொண்டுவந்திருக்கிறது, சித்திரையில் என்ன ஆகுமோ தெரியாது. தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஆவியாகிறது, இயந்திர நீரையே ஊற்றுகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். பழைய மீனுக்கு ஒரு மீசை பாதியில் முறிந்திருக்கிறது, ஏஞ்சலின் வேலையாக இருக்கலாம். வளருமா? இரண்டாவது, ராத்திரி எண்ணினால் ஏழு வருவதில்லை. ஐந்து, ஆறு, ஒரு நாள் எட்டுகூட வந்தது. வெள்ளிப் பையை எண்ணுவதா, கண்ணை எண்ணுவதா? நீங்கள் எப்படி எண்ணுகிறீர்கள்?

நொய்யல் எழுதியது:

வளரும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஓரிரு மாதத்தில் தெரியும். நான் தீனி போடும்போது எண்ணுவேன். அப்போதுதான் ஒன்றையொன்று மறைக்காமல் விலகும். படம் ஒன்று போடுங்களேன் அம்மா.

அச்சுப்பிழை எழுதியது:

பதினேழு எடுத்தேன் ஐயா. பதினேழிலும் பின்னால் இருக்கும் வேலம்பாசிதான் இலை இலையாகத் தெளிவாக விழுந்திருக்கிறது.